தேறிவரும் கை

அத்தியாயம் 5

நான்காவது அட்டையில் ஓட்டையே இல்லை. சத்யப்பிரியாவை அதிகம் நடுங்க வைத்தது அதுதான்.

முதல் மூன்றிலும் ஓட்டைகள் இருந்தன. ஏர்கன் வைத்துக் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் வாங்குகிற, வட்டம் வட்டமாக அச்சடித்த அட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் அவளுடைய கம்பெனி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தது. மூன்று திங்கட்கிழமை, மூன்று அட்டை. முதலாவதில் ஐந்து ஓட்டைகள் ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடந்தன. காதில் ஒன்று, கழுத்தில் ஒன்று, தலைமுடிக்குள் மூன்று. இரண்டாவதில் ஐந்தும் கன்னத்துக்கு வந்துவிட்டன. மூன்றாவதில் ஐந்தும் இடது கண்ணுக்குள். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் மறைந்துவிடும்.

எவனோ அவள் முகத்தை வைத்துப் பழகுகிறான். வாரத்துக்கு வாரம் அவனுக்குக் கை தேறிவருகிறது.

இன்று வியாழன். விடிந்ததும் கேட்டுக்கு அடியில் நான்காவது கிடந்தது. வெறும் வெள்ளை அட்டை, அதே படம், கறுப்பு மார்க்கரில் மூன்றே வார்த்தை. 'மிச்சம் நாளைக்கு நேரில்.'

நாளைக்கு என்ன என்பது அவளுக்கும் தெரியும், அட்டை போட்டவனுக்கும் தெரியும். காலை பத்து மணிக்கு ஒரகடத்தில் அவள் கம்பெனியில் விசாரணை. இரண்டு மாதத்துக்கு முன்னால் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் நிலவன் என்ற பையனுக்கு மூன்று விரல் போனது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்ஸாரை யாரோ ஒயர் போட்டு ஏமாற்றி வைத்திருந்தார்கள். பையனுடைய கவனக்குறைவு என்று எழுதி ஃபைலை மூடப் பார்த்தது நிர்வாகம். அன்று காலை 'சென்ஸார் வேலை செய்யவில்லை' என்று செக்‌ஷீட்டில் எழுதியவள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் சத்யப்பிரியா. அந்தத் தாள் மாயமாகிவிட்டது. இனி அவள் வாய் ஒன்றுதான் சாட்சி. அவள் போகாவிட்டால் நிலவனுக்கு வேலையும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது, இருபத்துமூன்று வயதில் வெறும் ஏழு விரலோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"நான் போவல மேடம்" என்றாள் சத்யப்பிரியா. "என்னை வுட்டுருங்க. நாலு மணிக்குக் கார் வருது. வாலாஜாபாத்ல அத்தை வூட்டுக்குப் போயிடறேன்."

மணி இரண்டரை. இருங்காட்டுக்கோட்டையில் அவள் வாடகைக்கு இருக்கும் மாடிப் போர்ஷனில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. வெளியே புதுக்கார்களை அடுக்கிய டிரெய்லர் லாரி ஒன்று நெடுஞ்சாலைக்குத் திரும்பிக் கொண்டிருந்தது. அதன் ஏர் பிரேக் சத்தத்துக்கே அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த அறிவுமதி அசையவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். வயது நாற்பத்தைந்து. அதற்குமுன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளெய்ம் பிடித்துக் கொண்டிருந்தவள், அதனால் ஒருவர் அழுவதைப் பார்த்ததும் உருகிவிடுகிற ஜாதி இல்லை.

"யார் கார்?"

"பரசுராமன் சார். எங்க லைன் சூப்பர்வைசர். மிரட்டல் வருதுன்னு சொன்னதும் அவரே கூட்டினு போறேன்னாரு. தங்கமான மனுஷன்."

"அட்டைகளை அவர்கிட்ட காட்டினீங்களா?"

"உங்களத் தவிர யாருக்கும் காட்டல. சும்மா மிரட்டல் லெட்டர் வருதுன்னு மட்டும்தான் சொன்னேன். அந்தக் கண்ண எப்படி மேடம் காட்டறது? எனக்கே திரும்பப் பாக்க முடியல."

ஜன்னலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த உதவியாளன் இசக்கியப்பன் தலையை மட்டும் தூக்கினான். பிழைக்க வந்து பத்து வருஷம் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வராதவன்.

"யக்கா, நான் ஒண்ணும் பயந்துபோய் இங்கன உக்காரல. தரை நல்லா குளுகுளுன்னு கெடக்கு, அதான்."

"எழுந்து உட்காருடா."

"நீங்க ஜன்னலுக்கு நேரா இருக்கியள்லா, அது போதும். ஆபீஸுக்கு ஒரு ஆளாவது மிஞ்சணும்."

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறிவுமதி அறையைச் சுற்றிப் பார்த்தாள். "உங்களுக்கும் ஏர்கன் பழக்கம் இருக்குன்னு சொன்னீங்களே. எங்கே சுடுவீங்க?"

"இங்கதான். சமையக்கட்டு சுவத்துல இருந்து அந்தக் கோடி வரைக்கும் கரெக்டா பத்து மீட்டர். கம்பெனி டேப்பால அளந்தேன்."

நடைக்கோடியில் ஒரு பிளைவுட் பெட்டி இருந்தது. பின்பக்கம் சாய்வாக வைத்த இரும்புத் தகடு, அதன் முன்னால் மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் திணித்து அடைத்திருந்தது. குண்டு எதுவும் பெட்டியைத் தாண்டாது. எட்டு மணி நேரம் பிரஸ் சத்தத்தில் மண்டை காய்ந்து வந்தால் இந்த நடைதான் அவளுக்கு மருந்து. ஒரு டப்பா குண்டு இரண்டு பிரியாணி விலை, மாதம் முழுக்க வரும். மூச்சை உள்ளே இழுத்து, பாதியை விட்டு, விசையைத் தொடும் அந்த ஒரு நொடியில் சூப்பர்வைசரும் கிடையாது, டார்கெட்டும் கிடையாது, ஓ.டி.யும் கிடையாது. கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா செல்லம்மாள் முதல்நாள் 'போலீஸ் வரும்டி' என்று அலறியவள்தான். பிறகு ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'இதுக்கு சீரியலே மேலு, அதுலயாவது யாராவது சாவறாங்க' என்று இறங்கிப் போய்விட்டாள்.

அந்த மருந்தைத்தான் மூன்று வாரமாக அவள் தொடவில்லை. அட்டை போட்டவன் அவள் நிம்மதியையே எடுத்து அவள் முகத்தில் ஓட்டை போட்டிருந்தான்.

"ஒரு அட்டை சுடுங்க" என்றாள் அறிவுமதி.

"இப்பவா? கை நடுங்குது மேடம்."

"நடுங்கட்டும். அஞ்சே அஞ்சு."

சத்யப்பிரியா எழுந்தாள். பயத்திலும் அவளுக்கு வரிசை மறக்கவில்லை. முதலில் வெளியே போய் மாடிப்படிக் கைப்பிடியில் சிவப்புத் துணியைக் கட்டினாள். அது தொங்கினால் மேலே யாரும் வரக்கூடாது, வீட்டுக்காரம்மாவோடு செய்த ஒப்பந்தம். பிறகு கதவைத் தாழிட்டாள். மூன்று பேருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. அதற்குப் பிறகுதான் இரும்புப் பெட்டியின் பூட்டைத் திறந்து துப்பாக்கியை எடுத்தாள். இசக்கியப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள்ளேயே போய்விட்டான்.

முதல் குண்டு எங்கோ ஓரத்தில் போனது, இரண்டாவதும். மூன்றாவதற்கு மூச்சு தானாகவே தன் இடத்துக்கு வந்தது. கடைசி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன.

அறிவுமதி அட்டையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். "நடுவுல விழாம எல்லாம் கீழே இடப்பக்கம் போகுதே?"

"விசைய இழுக்கும்போது கையும் கொஞ்சம் இழுக்கும் மேடம். ஆரம்பத்துலருந்தே கீது இந்தப் பழக்கம். போவ மாட்டேங்குது."

அறிவுமதி மிரட்டல் அட்டைகள் மூன்றையும் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். "இதுல படம் எங்கே ஒட்டியிருக்கு, பாருங்க."

பார்க்க வேண்டியிருந்தது. சத்யப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். மூன்றாவதில் படம் அட்டையின் நடுவில் இல்லை. கோணலாக, கீழே இடப்பக்கம் நகர்ந்து ஒட்டியிருந்தது.

"முகத்தைச் சுடணும்னு நினைக்கிறவன் முகத்தை நடுவுல ஒட்டுவானா, மூலையில ஒட்டுவானா?" என்றாள் அறிவுமதி.

சமையலறை வாசலிலிருந்து இசக்கியப்பன் சொன்னான்: "கல்யாண போட்டோவுல மாமியாளைத்தான் மூலையில ஒட்டுவாவ."

"நீ சும்மா இரு. சத்யப்பிரியா, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை பார்ட் பாப்பீங்க?"

"ஆயிரத்துக்கு மேல."

"அப்ப இதை உங்க முகம்னு நினைக்காதீங்க. லைன்ல வந்த ஒரு பார்ட். ஓகேவா ரிஜெக்டா, சொல்லுங்க."

மூன்றாவது அட்டையைத் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கட்டைவிரல் நகம் தானாகவே ஓட்டையின் விளிம்பைத் தேடிப் போனது. ஆறு வருஷப் பழக்கம். இரும்புத் தகட்டில் ஓட்டை அடித்தால் அடி வாங்கிய பக்கம் வழவழப்பாக இருக்கும், வெளியேறும் பக்கம் விளிம்பில் பிசிறு எழும்பும். ஆலையில் அதை பர் என்பார்கள். பர் எந்தப் பக்கம் என்று தடவினால் அடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

முன்பக்கம் தடவினாள். படத்தின் மேல் பிசிறு இருந்தது. நகத்தில் தட்டியது.

அட்டையைத் திருப்பினாள். மூன்று வாரத்தில் அவள் அதைத் திருப்புவது இதுதான் முதல் தடவை. பின்பக்கமும் பிசிறு இருந்தது.

கண்ணைத் திறந்தாள். "மேடம், இது தப்பு."

"என்ன தப்பு?"

"ஒரு ஓட்டைக்கு ஒரு பக்கம்தான் பர் வரும். இதுல ரெண்டு பக்கமும் வந்துகீது. அட்டைய முன்னாலருந்து அடிச்சிருக்காங்க. படத்தைப் பின்னாலருந்து குத்தியிருக்காங்க, பேனா ரீஃபிலோ ஆணியோ. இது ஒரே அடி இல்ல. ரெண்டு ஆபரேஷன்." அவளுக்கே தன் குரல் இரண்டு மாதத்துக்குப் பிறகு கேட்பதுபோல் இருந்தது. "ஓட்டை மொதல்லயே இருந்துகீது. படத்தை அதுக்கு மேல ஒட்டி, ஓட்டைக்குத் தகுந்த மாதிரி கண்ணைக் கொண்டாந்து வெச்சிருக்கான்."

"அதான் மூலையில ஒட்டினான்" என்றாள் அறிவுமதி.

இசக்கியப்பன் இப்போது உண்மையாகவே எழுந்து வந்தான். அட்டையின் பின்பக்கத்து நான்கு மூலையையும் விரலால் தொட்டுப் பார்த்தான். "பசையா ஒட்டுது. டபுள் சைடு டேப். கேட்டுக்கு அடியில தள்ளுத அட்டைக்கு எதுக்குக்கா டேப்பு? இது எங்கயோ செவுத்துல மாசக்கணக்கா தொங்குன சாமான்." நான்காவதை எடுத்து ஆட்டினான். "இந்தப் பயலுக்கு ஏன் ஓட்டை இல்ல தெரியுமா? கையில இருந்த சரக்கு மூணோட தீந்துபோச்சு! இன்னொண்ணு சுட அவன்கிட்ட துப்பாக்கியே கெடையாது."

ஓட்டை இல்லாத அந்த அட்டையைப் பார்த்துத்தான் அவள் காலையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் கீழே கார் வந்து நின்றது.

மணி மூன்றுகூட ஆகவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம், பிறகு படியை நோக்கி வரும் காலடி. கூடவே செல்லம்மாளின் குரல்.

"யோவ், இன்னா நீபாட்டுக்கு ஏறினுகீற? செவப்புத் துணி கட்டிக்கீது தெரியல? அது எறங்கற வரைக்கும் ஆரும் மேல போவக்கூடாது. எம் புருசனே போவக்கூடாது."

"சத்யா! நான்தாம்மா, பரசுராமன். சீக்கிரம் கிளம்பு, ரோடு ஜாம் ஆயிடும்!"

"பதில் சொல்லுங்க" என்று மெல்லச் சொன்னாள் அறிவுமதி. "அஞ்சு நிமிஷம் கேளுங்க."

"அஞ்சு நிமிஷம் சார்!"

ஈரத்துணியை மூன்றாவது அட்டையின் மேல் வைத்து அழுத்தினாள் அறிவுமதி. படத்தின் ஒரு மூலை ஊறி எழும்பியது. அவளே உரிக்கவில்லை, அட்டையை சத்யப்பிரியாவிடம் தள்ளினாள். நெற்றி, மூக்கு, ஓட்டை விழுந்த கண் என்று சத்யப்பிரியா தன் முகத்தையே கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள்.

அடியில் வட்டங்கள் தெரிந்தன. வட்டத்துக்குக் கீழே இடப்பக்கம் ஐந்து ஓட்டைகள் நெருக்கமாக. அதற்கும் கீழே பச்சை ஸ்கெட்ச் பேனாவில் அவளுடைய சொந்தக் கையெழுத்து. 'ஆறாவது மாசம். சத்யப்பிரியா, குவாலிட்டி.'

அது எங்கே தொங்கியது என்று சத்யப்பிரியா சொன்னாள்.

போன ஆயுத பூஜைக்கு லைன் பக்கத்துக் கைசன் போர்டில், அதாவது வேலை முன்னேற்றத்தைக் காட்டும் பலகையில், ஆளாளுக்குத் தங்கள் பொழுதுபோக்கைக் காட்டச் சொன்னார்கள். மெஷினில் செய்த மாற்றத்தை முன்-பின் என்று படம் போட்டு ஒட்டுவார்களே, அந்த மாதிரியே அவளும் ஒட்டியிருந்தாள். முதல் வாரம் சுட்டது, மூன்றாவது மாதம் சுட்டது, ஆறாவது மாதம் சுட்டது. தன் கை எப்படித் தேறியிருக்கிறது என்று நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசை.

மூன்று வாரமாக அவளைத் தூங்கவிடாமல் துரத்திய துப்பாக்கிக்காரன் அவளேதான்.

"போர்டை யார் கழட்டினது?" என்றாள் அறிவுமதி.

சத்யப்பிரியா கீழே கையைக் காட்டினாள். 'உன் அட்டைங்கள நான் பத்திரமா வெச்சிருக்கேம்மா' என்ற குரல் நினைவுக்கு வந்தது. அதே குரல்தான் இப்போது கீழே செல்லம்மாளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தது. சென்ஸாருக்கு ஒயர் போட்டால்தான் மணிக்கு நானூறு பார்ட் வரும். அந்த எண்ணிக்கைக்கு மேலிடத்தில் பதில் சொல்கிறவர் யார் என்று இரண்டு மாதமாக அவளுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. தங்கமான மனுஷன் என்று நினைத்துவிட்டாள்.

அட்டைக்குப் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அரை மணி நேரம் கழித்து அவர் காரில், அவர் பக்கத்தில், எந்த ரோட்டில் போயிருப்போம் என்று நினைத்தபோது முதுகு முழுக்க வேர்த்தது.

"பிரஸ் ஷாப் ஆளு, பர் பாக்காம விட்டுட்டாரே" என்றாள் அறிவுமதி.

"அவரு எப்ப மேடம் பாத்தாரு? நான் ரிஜெக்ட் பண்ணதெல்லாம் நல்லாத்தான் கீதுன்னு பாஸ் பண்ணி அனுப்பறதே அவருதான்."

"இப்ப என்ன செய்யப்போறீங்க? பின்பக்கப் படியில போயிடலாம். உங்க இஷ்டம்."

சத்யப்பிரியா துப்பாக்கியைக் கையில் எடுத்தாள்.

"அப்படிப் போடுங்க!" என்றான் இசக்கியப்பன். "அதைத் தூக்கிக்கிட்டு எறங்கினியன்னா அந்தாளு வாலாஜாபாத் வரைக்கும் ஓட்டமா ஓடுவாரு."

"இது ஆளுக்கு நேரா நீட்டற பொருள் இல்லண்ணா."

உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தாள். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அட்டையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கைப்பிடியில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தபோது முடிச்சு இரண்டு தடவை நழுவியது. ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். மேலே கதவிடுக்கில் அறிவுமதியின் போன் ரெக்கார்டிங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

பரசுராமன் நெற்றியில் வல்லக்கோட்டை முருகன் விபூதியோடு படிக்கு அடியில் நின்றார். முகத்தில் அத்தனை கரிசனம். "எங்கம்மா பையி? வா, வா, ஏறு."

"நான் போய்த்தான் ஆவணுமா சார்? வெறும் லெட்டர்தானே. ஒருவேளை சும்மா மிரட்டறானோ என்னமோ."

"இன்னாம்மா பேசற நீ! வெளையாடறியா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "அவன் சாதாரண ஆளு இல்ல. வாரா வாரம் அவனுக்குக் கை தேறிக்கினே வருது. காதுல இருந்தது இப்பக் கண்ணுக்கு வந்துட்டுது. நாளைக்கு நேருல வந்தான்னா இன்னா பண்ணுவ?"

சத்யப்பிரியா அவரையே பார்த்தாள். காது, கண், எதையும் அவரிடம் அவள் சொன்னதில்லை.

"கை தேறிக்கினுதான் வருது சார். ஆனா வாரா வாரம் இல்ல." முகம் உரிந்த அட்டையை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "ஆறு மாசம் ஆச்சு. படிச்சுப் பாருங்க, பேர் போட்டுகீது."

அவர் பச்சை எழுத்தைப் படித்தார். ஒரு அடி பின்னால் வைத்துத் திரும்பியபோது காருக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நின்றது. எப்போதோ பின்பக்கப் படியில் இறங்கி வந்திருந்த இசக்கியப்பன் அதன்மேல் ஹாயாக உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக் கொண்டிருந்தான்.

"அவசரப்படாதியும் சார். ரோடு ஒரே ஜாமு."

"இன்னாடி நடக்குது இங்க?" என்றாள் செல்லம்மாள். "துணிய அவுத்துட்ட, அப்ப அந்தாள மேல வுடலாமா?"

"வேணாம்மா. இனிமே அவரு மேல வர வேணாம்" என்றாள் சத்யப்பிரியா.

அவிழ்த்த துணி இன்னும் அவள் கையில் இருந்தது. உள்ளங்கை வேர்வையில் அது நனைந்துபோயிருந்தது. அதை மடித்துக்கொண்டே அவள் பரசுராமனிடம் சொன்னாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன் சார். நேரில்."